கண் விழித்துப் படுத்திருத்தல்

புகார் ஏதாவது இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். தோளில் ஒரு பல் தடம், அரித்துச் சிவந்த தொடை, வாரக்கணக்கில் நிற்காத சளி, சொல்லாமல் ஏற்றிய கட்டணம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். மாற்றிய காரணத்தைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே மனமும் சமாதானமாகிவிடும். எங்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. மகள் பகலெல்லாம் இருக்கும் டே கேர் நல்ல இடம். மயிலாப்பூர் சித்திரக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். கம்பிக் கதவைத் திறந்ததும் சிவப்பு சிமெண்டுத் தரை, சுவரோரம் குட்டிச் செருப்புகள், அவற்றுக்கு மேல் ஆணியடித்து வரிசையாக மாட்டிய பைகள். பினாயில் வாசனை, அதற்கு அடியில் காய்ந்த பாலின் வாசனை, பதினொரு மணிக்கு மேல் போனால் பருப்பு சாதத்தின் நெய் வாசனை. ஒரு வயது நிரம்பும் முன்பே அவளை அங்கே விட்டோம். இப்போது நான்காவது வயது நடக்கிறது. நடக்கக் கற்றது அங்கே, டயப்பரை விட்டது அங்கே, தானாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்ததும் அங்கேதான். இவ்வளவுக்கும் பிறகு இந்த இடம் நமக்கு இன்னும் ஒத்துவருகிறதா என்று யோசிப்பது நன்றிகெட்டத்தனமாகப் படுகிறது. ஆனாலும் கேள்வி போவேனா என்கிறது. பெரும்பாலும் ஞாயிறு இரவில், மறுநாளுக்கான மாற்று உடுப்புகளை மடித்து அவள் பையில் வைக்கும்போது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதைக் கிளப்பிவிட்டது ஒரு பாராட்டு. மாலையில் அழைத்துவரப் போயிருந்தேன். ஆயாம்மா குனிந்து அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டபடியே சொன்னார்: “தங்கமான புள்ள சார். மத்தியானம் ஒரு பொட்டுத் தூங்காது. ஆனா வாயத் தொறக்காது. கண்ண முழிச்சிக்கினு அப்படியே படுத்துக்கினு இருக்கும். மத்ததுங்க எழுந்தப்புறம்தான் இதுவும் எழுந்துக்கும்.” நானும் பெருமையாகச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். தெற்கு மாட வீதி திரும்பும்போதுதான் உறுத்தியது. ஒரு மணிக்குப் பாய் விரிப்பார்கள், மூன்று மணிக்குப் பால் கொடுப்பார்கள். நடுவில் இரண்டு மணி நேரம். பெரியவன் எனக்கு, கையில் போன் இல்லாமல், தூக்கமும் இல்லாமல், பேசாமல் இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடக்க முடியுமா? அந்த அறையின் விட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். தேக்கு உத்தரங்களுக்கு இடையே சுண்ணாம்பு பொரிந்திருக்கும், மின்விசிறி ஒரு பக்கமாக ஆடியபடி சுற்றும். எங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை, அதைப் பார்த்தபடி யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கிடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அது எப்போது நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் அழுகை தெரியும், அழுகை நின்ற வாரம் தெரியும். இந்தப் பழக்கம் படிந்தது மட்டும் தெரியாது.

அவளைக் கேட்டேன். மூன்றரை வயதுக் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். “மத்தியானம் என்னடா பண்ணுவ?” “தூங்குவேன்.” “தூக்கம் வரலைன்னா?” “தூங்குவேன்.” பிறகு, “யானை இருக்கு,” என்றாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடமோ, திரைச்சீலையோ, கனவோ தெரியாது. மறுநாள் பொம்மைகளை வைத்து விளையாடும்போது கூர்ந்து பார்த்தேன். ஐந்தாறு பொம்மைகளையும் ஒரு துண்டின் மேல் வரிசையாகப் படுக்க வைத்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டினாள். கரடி மட்டும் நழுவி உருண்டது. அதை எடுத்து மறுபடி கிடத்தி, விரலை உதட்டில் வைத்து மிரட்டினாள். இதில் என்ன தெரிகிறது? அவள் படும் கஷ்டமா, அல்லது அங்கே ராணி மாதிரி இருக்கிறாள் என்பதா? எதை நிரூபிக்க நினைக்கிறேனோ அதற்கு அந்தக் கரடி சாட்சி சொல்லும். மனைவி பார்த்துவிட்டு, “நல்லா கேர் பண்றாங்கன்னு தெரியுது,” என்றாள். அம்மா பார்த்துவிட்டு, “பாவம், குழந்தையை மிரட்டி வச்சிருக்காங்க,” என்றார். கரடி அதேதான்.

இந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கும் குழந்தைக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவியின் அலுவலகம் அப்போது தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில். மந்தைவெளி வீட்டிலிருந்து போகிற வழியில் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம், காய்ச்சல் என்றால் இருபது நிமிடத்தில் ஓடி வரலாம். மாலை ஏழு வரை வைத்துக்கொள்வார்கள். இந்த மூன்றும்தான் தகுதிகள். பிறகு எங்கள் பக்கத்தில்தான் எல்லாம் இடம் மாறியது. அவள் அலுவலகம் சிறுசேரிக்குப் போனது. மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களால் மந்தைவெளியிலிருந்து லஸ் வரை தெருக்கள் திசைமாறி, பத்து நிமிட வழி எப்போது பத்து நிமிடம், எப்போது நாற்பது என்று சொல்ல முடியாமல் ஆனது. கும்பகோணத்திலிருந்து அம்மா எங்களோடு வந்துவிட்டார், இரண்டு முழங்கால் வலியோடு. ஆக இப்போது முன்னால் இருக்கும் வழிகள்: சிறுசேரி அலுவலக வளாகத்துக் காப்பகம், நல்ல வசதி, ஆனால் குழந்தை தினமும் 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் போய்த் திரும்ப வேண்டும். அடையாறில் ஒரு மாண்டிசோரி வீடு, மிக அழகாக இருக்கிறது, பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் அம்மாவின் முழங்கால்தான். அல்லது இருக்கிற இடமே. அந்த இடம் மாறவே இல்லை. நாங்கள்தான் அதைச் சுற்றி மாறியிருக்கிறோம். அப்படியிருக்க, அது சரியில்லையோ என்று குழந்தையின் பெயரால் சந்தேகப்படுவது எந்த அளவுக்கு நேர்மை?

இன்னொரு சந்தேகமும் உண்டு, இதைவிடக் கூச்சம் தருவது. மகள் பேசும் தமிழ் இரண்டு வகை. எங்களிடம் ஒன்று. தனியாக விளையாடும்போது வேறொன்று: “இன்னாடா, துன்னலியா?” “இங்க வா, குந்து.” கேட்கவே இனிமையாக இருக்கும், சுதியோடு வரும். அம்மா மட்டும் முகம் சுளிப்பார். “யார்கிட்ட கத்துக்கிட்டு வரா இதெல்லாம்?” நான் அம்மாவைக் கண்டிப்பேன், மெட்ராஸ் தமிழுக்கு என்ன குறைச்சல் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்வேன். ஆனால் அடையாறு மாண்டிசோரி வீட்டைப் பார்க்கப் போன அன்று, அங்கிருந்த பெண்மணி தாழ்ந்த குரலில், அச்சடித்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு குழந்தையிடம் பேசியதைக் கேட்டு என் உடம்பு எவ்வளவு தளர்ந்தது, எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் கண் விழித்துக் கிடப்பதுதான் உறுத்துகிறதா, அல்லது நாலு வயதாகப் போகிறது, இனி இந்தப் பேச்சு போதும் என்று உள்ளே ஏதோ முடிவு கட்டிவிட்டு மத்தியானத் தூக்கத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? ஒரு வயதில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள ஆயாம்மாவின் தமிழ் தடையாக இருக்கவில்லை. பள்ளி என்ற ஒன்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் தடையாகிவிடுகிறது. நடுத்தர வீடுகள் பலவற்றில் இந்த வயதில்தான் டே கேர் ‘போதாமல்’ போகிறது. காரணம் கேட்டால் ஆக்டிவிட்டி போதவில்லை என்போம்.

அடையாறில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததிலிருந்து மாண்டிசோரி அம்மையாரும் என் யோசனைக்குள் வந்துவிட்டார். தென் சென்னையில் தெருவுக்குத் தெரு அவர் பெயர் தொங்குகிறது. அவரே இங்கு வாழ்ந்தார் என்பதைப் பலகை மாட்டுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ. 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, அறுபத்தொன்பது வயதில் மரியா மாண்டிசோரி சென்னை வந்து இறங்கினார். அடையாறில் ஓலைக் குடில்கள் போட்டு, இந்தியா முழுவதிலிருந்தும் வந்த 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலியனில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களுக்கென்று வந்தவரை உலகப்போர் பிடித்து நிறுத்திவிட்டது. இடையில் ஐரோப்பா போய்வந்ததையும் சேர்த்து 1949 வரை இந்தியத் தொடர்பு நீண்டது. சுற்றியிருப்பதையெல்லாம் குழந்தை முயற்சியே இல்லாமல் தனக்குள் எடுத்துக்கொள்கிறது என்று வாதிடும் அவருடைய ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949-இல் அச்சானதும் அடையாறில்தான். அப்படியானால் ஆயாம்மாவின் சுதியும் விட்டத்துச் சுண்ணாம்பும் சேர்ந்தே உள்ளே போகின்றன. தேர்ந்து எடுத்து உள்ளே அனுப்ப நான் யார்? அவர் ஆசிரியர்களிடம் முதலில் கேட்டது கற்றுக்கொடுப்பதை அல்ல, குறுக்கிடாமல் உட்கார்ந்து பார்ப்பதை. இதைப் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க மகளைக் குறுக்கிடாமல் பார்க்க முயன்றேன். பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய கதையை இந்தப் பலகைகளின் கீழ் நின்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். 1907 ஜனவரி 6, ரோம் நகரின் சான் லொரென்சோ. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர்கள், அடுக்குக் குடியிருப்பில் தனியே விடப்பட்ட குழந்தைகள். அவை புதிதாக வெள்ளையடித்த சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகின்றன என்று கட்டட நிறுவனத்துக்குக் கவலை. சுவரைக் காப்பாற்றத்தான் குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்தார்கள். முதலில் அவர்களைப் பார்த்துக்கொண்டதும் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, அந்தக் கட்டடக் காவலாளியின் மகள். இன்று வருடத்துக்கு லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களுக்கெல்லாம் பாட்டி முறை, வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் திறந்த ஒரு டே கேர்தான். அங்கே இருந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது: அம்மாக்கள் பகலில் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். குடியிருப்புக்குள்ளேயே இல்லம் இருந்ததால் அது நடக்கிற காரியமாகவும் இருந்தது.

அவர் வாழ்க்கையின் இன்னொரு பகுதியை நான் முதலில் சாதாரணமாகத்தான் படித்துக் கடந்தேன். மரியோ பிறந்தது 1898-இல், திருமணத்துக்கு வெளியே. கைக்குழந்தையை ரோமுக்கு வெளியே கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1912-இல் தன் அம்மா இறந்த பிறகுதான் பதின்வயதுப் பையனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அப்போதும் வெளியே மகன் என்று சொல்லவில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவை எதிரி நாட்டவர் என்று அகமத்நகர் முகாமில் அடைத்தது. ஆகஸ்ட் 31, அம்மையாருக்கு எழுபது வயது நிரம்பிய நாள், மகனை விடுவிப்பதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. அந்தத் தந்தியில் மரியோ வெளிப்படையாக ‘மகன்’ ஆனார். குழந்தையைக் கூர்ந்து பார் என்று உலகத்துக்குச் சொன்னவர், தன் குழந்தையின் முதல் பதினான்கு பதினைந்து வருடங்களை விட்டு விட்டுப் பார்த்தவர். இதை வைத்து அவரைக் குற்றம் சொல்வது சுலபம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இன்னொருவர் இடுப்பில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவருக்குத்தான், அங்கே அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நான் அலுவலகத்தில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எப்படி வேலை பார்க்கிறேன் என்பதைத் தவிர.

பார்க்கும் உரிமை நம் சட்டத்திலும் உண்டு. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஓய்வு நேரத்தையும் சேர்த்துத் தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதியது. தந்தை போவதைப் பற்றிச் சட்டத்தில் பேச்சில்லை. டே கேரிலும் அப்படித்தான். தினம் கூட்டிவரப் போகிறவன் நான், ஆனால் முக்கியமான சேதி என்றால், “அம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்க சார்” என்பார்கள். சிறுசேரி வளாகத்தில் போனிலேயே பார்த்துக்கொள்ளும்படி கேமரா வைத்திருக்கிறார்கள். மனைவிக்கு அதில் ஆர்வம் இல்லை. “கேமராவுல பார்த்தா தூங்கற மாதிரிதான் தெரியும்,” என்றாள். சரிதான். மேலேயிருந்து எடுக்கும் படத்தில் கண் திறந்திருப்பது தெரியாது.

துணிந்து ஒருநாள் டே கேரை நடத்தும் மேடத்திடமே கேட்டேன், தூங்காத பிள்ளையை உட்கார்ந்து ஏதாவது செய்ய விடலாமே என்று. கோபப்படவில்லை, இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருப்பார்கள் போல. “ஒருத்தியை எழுப்பி உட்கார வச்சா பின்னாடியே நாலு எழுந்துடும் சார். அந்த நேரத்துலதான் இவங்க சாப்பிடணும், பாத்திரம் கழுவணும், துணி மடிக்கணும். கொஞ்சம் காலை நீட்டணும்.” எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? ஏறக்குறைய இருபது குழந்தைகள், மூன்று பெண்கள், காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை. அந்த இரண்டு மணி நேரம் குழந்தைகள் தூங்குவதற்காக இருப்பதைவிட, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சோறு தின்பதற்காக இருக்கிறது. வீட்டில் தனியாகக் குழந்தை வளர்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அவர்களும் குழந்தை கண்ணயர்ந்த பிறகுதான் தட்டை எடுக்கிறார்கள். பிரிஸ்பேன் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அறுபது நிமிடத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்கவைக்கும் காப்பகங்களின் குழந்தைகள் இரவில் குறைவாகத் தூங்குவதாகக் கண்டார்கள். எங்கள் வீட்டிலும் இரவு பதினொன்றுக்கு முன் விளக்கணைவதில்லை. ஆனால் இதை அச்சடித்துக்கொண்டு போய் மேடத்திடம் நீட்டினால், நான் உண்மையில் நீட்டுவது ஆயாம்மாவின் சாப்பாட்டு நேரத்தைத்தான். இன்னொரு ஆள் போட்டால் தீரும். இன்னொரு ஆள் போட்டால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் முதல் பத்தியில் சொன்ன புகார் எனக்குக் கிடைத்துவிடும்.

ஆயாம்மா வருவது கண்ணகி நகரிலிருந்து. முன்பு மயிலாப்பூரிலேயே, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தவர். 2000-த்தை ஒட்டி அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடிவைத்தபோது அவரும் போனார். வேலை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. விடிகாலை பஸ் ஏறி மயிலாப்பூர் வந்து, பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போயிருக்கும் பெண்ணின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மகள் அந்தச் சாலையிலேயே ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பேரன் அங்கே அங்கன்வாடியில். முட்டையும் சத்துமாவும் கிடைக்கும், ஆனால் அம்மா வேலை முடிந்து வரும்வரை அங்கன்வாடி திறந்திருக்காது. அதற்கப்புறம் பக்கத்து வீடு. “ஒத்துவருதாம்மா?” என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோலப் பார்த்தார். “ஒத்துவராம என்ன சார். இருக்கறது அதானே.” குழந்தைக் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் இந்த ஊரில் நெடுங்காலம் இதையே எழுதியும் சொல்லியும் வந்தார். அவர் தலைமையிலான குழு 1972-இல் கொடுத்த அறிக்கையின் வழியில்தான் 1975 அக்டோபர் 2-இல் ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது, அங்கன்வாடி வந்தது. ஏழைப் பெண்களின் குழந்தைக் காப்பகங்களைப் பற்றி 1985-இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘ஹூ கேர்ஸ்?’. குழந்தைக் காப்பகம் என்பது குழந்தை ஒன்றின் விஷயம் இல்லை, வேலைக்குப் போகும் தாயும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்ட அக்காவும் அதில் உண்டு என்பது அவர் விடாமல் பிடித்திருந்த வாதம். தாயின் வேலை நேரத்துக்கும் மையத்தின் நேரத்துக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியில் எப்போதும் இன்னொரு பெண் நிற்க வேண்டியிருக்கிறது. ஒத்துவருகிறதா என்று உட்கார்ந்து யோசிக்க முடிகிற வீடு எங்களுடையது. ஆயாம்மாவுக்கு அந்த முடிவை வீட்டுவசதி ஒதுக்கீடே எடுத்து முடித்துவிட்டது.

பெரும்பாலான வீடுகளில் அந்த முடிவைக் காலண்டர் எடுக்கிறது. இரண்டரைக்கு ப்ரீகேஜி விண்ணப்பம், மூன்றரைக்கு எல்கேஜி, தமிழ்நாட்டு வழக்கப்படி ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, புதிய கல்விக் கொள்கை சொல்கிறபடி என்றால் ஆறு. ஜூனில் ஒரு கதவு திறக்கும். தவறவிட்டால் விஜயதசமிக்கு ஒன்று, தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலைப் பிடித்து எழுதவைத்து அன்றே பல பள்ளிகளில் சேர்த்துவிடலாம். காலண்டரில் ஒரு கருணை இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்லாமல் விடைபெற அது வழி செய்கிறது. ஜூன் வந்துவிட்டது, அதனால் போகிறோம். ஆயாம்மாவுக்கு ஒரு புடவை, மேடத்துக்கு ஸ்வீட் பாக்ஸ், ஒரு போட்டோ. மூன்று வருடம் ஒரு குழந்தையின் மலம் கழுவியவரிடமிருந்து பிரிவதற்கு நம்மிடம் வேறு சடங்கு இல்லை. பிறகு எங்காவது கபாலி கோயில் அறுபத்து மூவர் கூட்டத்தில் பார்த்தால், “ஆயாம்மாவைத் தெரியலையா?” என்று குழந்தையை முன்னால் தள்ளுவோம். அது பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒளியும். பெரியவர்கள் சிரிப்பார்கள். எங்கள் கட்டடத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு மறந்துவிடுகிறது என்பதில் எல்லோருக்கும் ஓர் ஆறுதல், ஒருவரைத் தவிர.

ஆனால் நான் ஜூனுக்குக் காத்திருக்கவில்லை, அதற்கு முன்பே வேறொன்று பிடிபட ஆரம்பித்தது. ஆயாம்மா சொன்னதை வாரக்கணக்கில் ஒரே கோணத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்: குழந்தை கிடக்கிறாள், வாய் திறக்காமல் கிடக்கிறாள். அதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதைக் கேட்கவில்லை. இருபது பாய், அரையிருட்டு, சாப்பிட்டு முடிக்க வேண்டிய அவசரம். ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தால், இன்று இவள் தூங்கவில்லை என்று மட்டுமே தெரியும். தினமும் தூங்குவதில்லை, எல்லோரும் எழும்வரை காத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால் தட்டோடு உட்கார்ந்த இடத்திலிருந்து தினமும் ஒரு கண் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். சிறுசேரிக் கேமராவுக்கு எட்டாதது அவருக்கு எட்டியிருக்கிறது. அடையாறின் அழகான வீட்டில் மகள் தூங்காமல் கிடக்க வேண்டியிருக்காது. அங்கே மத்தியானமே கிடையாது. ஆனால் அங்கே இவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை யாராவது வாசலில் வைத்து எனக்குச் சொல்ல எத்தனை மாதம் ஆகும்? பாராட்டு என்று நினைத்து அவர் சொன்னதும், குறை என்று நினைத்து நான் கேட்டதும் இருக்கட்டும். அது ஒரு சேதி. என் மகளைப் பற்றி எனக்குச் சேதி சொல்லும் ஆள் அங்கே இருக்கும்வரை அந்த இடம் எங்களுக்குத் தீர்ந்துபோகவில்லை என்று இப்போதைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது தெரியும். பார்ப்பவர் பார்த்துக்கொண்டே இருந்தாலும் குழந்தைக்கு அந்த இரண்டு மணி நேரம் குறைவதில்லை.

அதற்காக ஆயாம்மாவிடமே பேசினேன், மேடத்தைத் தாண்டி அல்ல, அவர் முன்னிலையில்தான். ஜன்னலோரத்துப் பாயை அவளுக்குக் கொடுப்பது, இரண்டு படப்புத்தகம் வைத்துக்கொள்ள விடுவது, சத்தம் வந்தால் ஏற்பாடு ரத்து. “படிக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்,” என்றார் ஆயாம்மா. மேடம் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். மனைவிக்கு இது தள்ளிப்போடுதல்தான். டிசம்பரில் சிறுசேரி காப்பகத்தில் ஓர் இடம் காலியாகிறது, எழுதிவைத்திருக்கிறாள். அம்மா எங்கள் இருவரையும் நம்பவில்லை. விஜயதசமிக்குள் ஒரு நல்ல ஸ்கூலில் போட்டுவிட வேண்டும், மத்தியானம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். முழங்காலுக்கு ஆர்த்தோ டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். இதற்கிடையே மனைவியின் அலுவலகம் மறுபடியும் நகருக்குள் திரும்பலாம் என்று பேச்சு அடிபடுகிறது, கிண்டி என்கிறார்கள்.